பார்த்தது, சொன்னது

அந்த அம்மாவின் பெயரை ஒன்பது ஜாப் கார்டுகளில் என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதியது போல ஆகிவிடும். நான் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டது போலக் காட்டுவது அவருக்கு ஆகாது.

நர்சம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். மரக்காணத்திலிருந்து அனுமந்தை வரைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராக நடந்தவர். தடுப்பூசிப் பெட்டியைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு இடது தோள் மற்றதைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தோள் ஏறவில்லை. அந்தத் தோளோடுதான் முதல்முறை என் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

புதுச்சேரிக்கு வடக்கே, கார் விற்கிற ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அப்போது எனக்கு வேலை. வண்டியோடு வருகிறவரிடம் என்ன கோளாறு என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதி, உள்ளே மெக்கானிக்கிடம் அனுப்பி, சாயங்காலம் "எல்லாம் சரி பண்ணியாச்சு சார்" என்று சாவியை நீட்டுகிற ஆள். வாயால் பிழைக்கிற வேலை. காலை ஒன்பதுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏசிக் குளிரும் புது டயர் வாசனையும் முகத்தில் அடிக்கும். பொய் சொல்லச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. வந்தவரைச் சிரித்த முகமாக வாசல் வரை அனுப்பு என்று மட்டும்தான் சொன்னார்கள். மற்றது தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"என்ன கம்ப்ளெயின்ட்மா?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் கோபத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள். ஏமாத்திட்டீங்க, புது வண்டியா இது, கூப்பிடு உங்க மேனேஜரை. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியின் கீற்று ஒன்று அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு முனையை இரண்டு விரலால் இழுத்தார். முடிச்சு சத்தமில்லாமல் அவிழ்ந்தது.

"வண்டி வாங்கி முப்பத்தி நாலு நாள் ஆவுது தம்பி. மூணு தடவ நின்னுச்சு. அஞ்சு நாப்பது, அஞ்சே முக்கால், அஞ்சு நாப்பது. மூணும் விடியக்காலை. மூணும் எங்க உப்பளத்துக்கு நடுவுல போற ரோட்டுல. நாப்பதுல போய்க்கினு இருக்கும்போதே எல்லா லைட்டும் அணையுது, இன்ஜின் நிக்குது, ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுது. அரை மணி விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. மூணு நாளும் கழுவெளி ஏரிப் பக்கத்துலருந்து ஈரக்காத்து."

"காத்தா?"

"ஆமா. காத்து."

காற்றுக்கு ஜாப் கார்டில் இடம் கிடையாது. 'வண்டி சில சமயம் நிற்கிறது' என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார்.

"சில சமயம் இல்ல. மூணு தடவ."

அடித்துவிட்டு 'மூன்று தடவை' என்று எழுதினேன். அன்று சாயங்காலம், பேட்டரி முனையைச் சுத்தம் செய்து மாட்டியதற்கு மேல் ஒன்றும் செய்திராத வண்டியின் சாவியை அவர் கையில் வைத்து, "எல்லாம் சரி பண்ணியாச்சும்மா, இனிமே நிக்காது" என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. நின்றபடியே நோட்டைத் திறந்து எழுதினார். அப்போதுதான் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நடுவில் கோடு. இடது பக்கத் தலைப்பு: பார்த்தது. வலது பக்கம்: சொன்னது. வலது பக்கத்தில் என் வாக்கியம் மசி காயாமல் மின்னியது. 'சரி செய்துவிட்டதாகவும் இனி நிற்காது என்றும் சொன்னார்.' இடது பக்கத்தில், 'சாவி தந்தார்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கேம்மா என்றேன்.

"உள்ள புள்ள அசையுதுன்னு கர்ப்பிணிப் பொண்ணு சொல்றது வேற தம்பி. நான் கை வச்சுப் பார்க்கறது வேற. ரெண்டும் வேணும். ஆனா ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதிட்டா, அப்பறம் எது எதுன்னு யாருக்கும் தெரியாது."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி எப்போதும் விளக்கியதில்லை. அவர் முழுக்க அந்தக் கோடுதான். நான் அவரை நினைக்கிறபோது முகத்துக்கு முன்னால் அந்தக் கோடுதான் வருகிறது.

*

செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு கிழமைகளில்தான் வருவார்கள். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. வாரம் இரண்டு நாள், காலை ஏழு மணிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஏழு மணிக்கு ஆள் இல்லாவிட்டால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். வரிசை அப்படி. பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இந்தச் சின்னக் காரை வாங்கினார். அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியிராத பெண்மணி, அந்த வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், தன் வயதில் பாதிகூட இல்லாத ஆளிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தார். முதுகு சீட்டில் படாமல், இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல், தேர்வு எழுதுவது போலத்தான் கடைசி வரை ஓட்டினார்.

டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில் எங்களிடம் வருவார்கள். பதினொன்றரை ஆகும். வெயில் தகரத்தைப் பிளக்கும். வண்டியின் மேலே ஈரம் இருந்த தடம்கூட இருக்காது. எங்கள் மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்ப்பான். எரர் எதுவும் பதியவில்லை என்று வரும். பெட்ரோல் பில்டரை மாற்றினோம். சாஃப்ட்வேர் ஏற்றினோம். சாவியில் கோளாறு என்று சாவியை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் சரி பண்ணியாச்சு. ஒவ்வொரு தடவையும் வலது பக்கத்தில் ஒரு வரி.

வண்டி உள்ளே இருக்கும் நேரம் கணவர் வெயிட்டிங் சோபாவில் சாய்ந்திருப்பார். கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. ஆள் காய்ந்த ஓலை மாதிரி, சிரிப்பு மட்டும் பச்சை.

"இன்னா சார், எங்க வூட்டுல ரெண்டு பேஷண்டு," என்பார். "என்னை வாரத்துக்கு ரெண்டு தடவ கழுவுறாங்க. காரை ஞாயித்துக்கெழம ஒரு தடவ கழுவுறா. கழுவிக் கழுவியே எங்க ரெண்டு பேரையும் தேய்ச்சிடுவாங்க போல."

"பேசாம கெடங்க, மூச்சு வாங்குது," என்பார் நர்சம்மா, நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

"நாப்பது வருசம் உப்பு வாருன ஆளு சார் நானு. இப்ப டாக்டரு உப்பத் தொடாதன்றாரு. எப்பிடித் தொடாம இருக்கறது? கதவத் தொறந்தா உப்பு." பிறகு குரலைத் தாழ்த்தி, மனைவிக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் தாழ்த்தி, "இவள ஏன் அஞ்சு வருசம் வானூர் பக்கம் தூக்கியடிச்சாங்க தெரியுமா? ஒரு கொழந்த பொறந்துச்சி. எடை ரெண்டு கிலோ இருநூறு. மேல மீட்டிங்கு, எடை கொறைஞ்ச புள்ளைங்க கணக்கு ஏறக்கூடாது, ரெண்டரைன்னு போட்டுடுன்னாரு அதிகாரி. மெஷின் காட்டுனதத்தான் போடுவேன்னுட்டா. அவ்ளோதான். பஸ்ஸு ஏறு, மூட்டையக் கட்டு."

"அந்தக் குழந்தை?"

"காலேஜுல படிக்குது சார். ரெண்டு இருநூறுன்னு இருந்ததாலதான மாசா மாசம் ஆளு போயிப் பாத்துச்சி? ரெண்டரைன்னு போட்டிருந்தா யாரு பாத்திருப்பா?"

நர்சம்மா அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "ரெண்டு நூத்தி எம்பது," என்றார். "இருநூறு இல்ல."

*

கார் சர்வீசுக்குப் போய் வந்த யாருக்கும் அந்தப் போன் தெரியும். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் குரல் கூப்பிட்டு, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கும். ஒன்பதுக்குக் கீழே போனால் எங்களுக்கு அந்த மாதம் ஊக்கத்தொகை கிடையாது. அதனால் சாவி கொடுக்கும்போதே கையைப் பிடித்துக் கெஞ்சுவோம். போன் வரும்மா, பத்துன்னு சொல்லிடுங்கம்மா, எங்க பொழப்பு. எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வண்டி ஓடாதவர்கள்கூட.

நர்சம்மா நான்கு கொடுத்தார்.

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்கு என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, ஒரு கெழவிகிட்ட பத்து வாங்கத் துப்பில்லையா உனக்கு?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை நர்சம்மாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கவனித்துவிட்டார். உடம்பைப் பார்த்தே வலியைக் கண்டுபிடித்துப் பழகிய கண்.

"நாலு போட்டது உங்களுக்கு இல்ல தம்பி. வண்டிக்கு. உங்களுக்கு எவ்ளோன்னு அந்தப் பொண்ணு கேக்கல."

"கேட்டிருந்தா?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஆறு," என்றார். "தண்ணி வேணுமான்னு கேக்கறீங்க. அவரு உக்கார ஃபேனுக்குக் கீழ எடம் பார்த்துக் குடுக்கறீங்க. ஆனா தெரியாதுன்னு ஒரு தடவகூடச் சொல்ல மாட்டேன்றீங்க."

அதைச் சொன்ன கையோடு பைக்குள் கை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கவுன்டரில் வைத்தார். அனுமந்தைக் கரையில் காய்ந்த நெத்திலிக் கருவாடு. ஏசி அறை முழுக்க நாறியது. மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் மூக்கைப் பொத்தினார். பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டில் அன்று ராத்திரி அந்தக் கருவாட்டை வறுத்துத் தின்றேன். ஆறு என்ற எண் தொண்டையில் முள்ளாக நின்றது. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அவ்வளவு சரியாக மதிப்பெண் போட்டதில்லை.

*

"நோய் வர்ற நேரத்துக்கு நீங்க வந்து பார்க்கணும் தம்பி," என்று ஏழாவது தடவை வந்தபோது சொன்னார். "நான் வூடு வூடாத்தானே போனேன். ஜன்னி வந்தவன் ஆஸ்பத்திரி தொறக்கற நேரம் பார்த்தா நடுங்குவான்?"

வருகிறேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் போகவில்லை. அந்த வலது பக்க வரி என்னைப் பிடுங்கித் தின்றது. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

சாலைக்கு இரண்டு பக்கமும் பாத்திகள். தண்ணீர்ச் சதுரம், தண்ணீர்ச் சதுரம், அதற்குள் இன்னும் வெளுக்காத வானம் துண்டு துண்டாக. மழைக்கு முன்னால் குவித்த உப்பு மேல் தார்ப்பாய் போர்த்திக் கல்லை வைத்திருந்தார்கள், படுத்திருக்கும் மாடுகள் போல. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாற்போல. உதட்டை நக்கினால் கரித்தது.

வழக்கமாக ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். அவர்கள் ஐந்துக்கே கிளம்பினார்கள். "நிக்கறதுக்கும் சேத்து அரை மணி வச்சுக்கறோம்," என்றார். பின்சீட்டில் தலையணையில் சாய்ந்து கணவர் எனக்குக் கை காட்டினார். நான் பின்னாலேயே போனேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்காது. முன்னால் போன சிவப்பு விளக்கு இரண்டும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. சத்தமும் போனது. வண்டி சற்று உருண்டு, ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

நர்சம்மா இறங்கினார். மடித்து வைத்திருந்த சிவப்புத் துணி ஒன்றைப் பின்கதவில் கட்டினார். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். நோட்டைத் திறந்தார். எல்லாம் வரிசையாக, பதற்றமில்லாமல், பழகிப்போன பிரசவம் போல. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மா இதை எத்தனை விடியல் தனியாகச் செய்திருக்கிறார்.

உப்பளத்துக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் கடந்தார்கள்.

"இன்னா நர்சம்மா, இன்னைக்கும் மயக்கமா? ஊருக்கே ஊசி போட்டீங்க, இதுக்கு ஒரு ஊசி போடக் கூடாதா?"

"ஊசி போடற ஆளத்தான் கூட்டியாந்திருக்கேன்," என்று என்னைக் காட்டினார்.

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்கள். "ஆளப் பாத்தா இவுருக்கே ஒரு ஊசி போடணும் போல இருக்குது."

கணவர் பின்சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து இருமினார். நான் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தேன். முப்பத்தோராவது நிமிடம் வண்டி தானாக உயிர் பெற்றது. "கண்டிப்பா வாரண்டியில க்ளெய்ம் போட்டுடலாம்மா," என்றேன். அந்த நிமிடம் அதை மனதாரச் சொன்னேன்.

*

க்ளெய்ம் படிவத்தில் நிறையக் கேள்விகள். அடுத்த வெள்ளிக்கிழமை அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

"போர் தண்ணி."

உப்புத் தன்மை உண்டா?

நான் பேனாவை நிறுத்தினேன். "இதுக்கு இல்லன்னு போட்டுடறேன்மா. எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்க."

"எங்க போர் தண்ணியில வாய் கொப்பளிச்சுப் பார்த்துட்டு இல்லன்னு போடுங்க." சிரிக்காமல் சொன்னார். "குடிக்கறதுக்கே லாரித் தண்ணி. அதையா காருக்கு ஊத்துவாங்க? எங்க பக்கம் பைக்கு, டிராக்டரு எல்லாம் அந்தத் தண்ணியிலதான்." பிறகு, நான் கேட்காததையும் சொன்னார். "பானெட்டைத் தொறந்து உள்ளயும் கழுவுறேன். ஆடிக் காத்துல உப்புப் புழுதி உள்ள அப்பிக்குது. புண்ணுக்குள்ள மண்ணு இருந்தா கழுவாம கட்டுப் போடுவோமா?"

அது செய்யக் கூடாதது. இன்ஜின் மேல் அந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. சாவி கொடுத்த அன்று சொல்ல வேண்டியவன் நான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"தப்புன்னா தப்புன்னே எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க. வண்டி மொத மொத நின்னது மாசியில. உள்ள தண்ணி ஊத்தினது ஆடியிலதான் ஆரம்பிச்சேன். தேதி இருக்குது. இந்த நோட்டையும் சேத்து அனுப்புங்க. அவங்க பார்க்கட்டும்." காஸ் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இந்த முனையை இழுத்தா அவுந்துடும். அந்த முனைய இழுத்தா இறுகிடும்."

படிவத்தில் எழுதினேன்: வாடிக்கையாளர் உப்பு நீரில் இன்ஜினைக் கழுவுகிறார். எது முதலில், எது பிறகு என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"அதுல இன்னா இருக்குதுன்னு தெரியும்பா. கண்ணாடி வழியா பாத்துக்கினுதான இருக்கேன். ஏழு தடவ சரி பண்ணிட்டோம்னு நாம சொன்னது இருக்கும். அத அனுப்புனா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். படிவம் மட்டும் போதும்."

எனக்கு வேலை வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஒன்றைத் தேடி இத்தனை நாள் அலைந்திருக்கிறேன், கிடைக்கவில்லை. நோட்டை மேசையின் கீழ் டிராயரில் வைத்தேன். வீடியோவும் படிவமும் போயின. பத்து நாளில் பதில் வந்தது. வெளிக் காரணம். உப்பு நீர். வாரண்டி பொருந்தாது.

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம். "நோட்டைப் பார்த்தாங்களா?" என்றார்.

"பார்த்திருப்பாங்கம்மா."

"பார்த்திருப்பாங்களா, பார்த்தாங்களா?"

சிக்னல் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்றே தெரியாதபோது காசு கொடுத்தும் அவர் எதை மாற்றியிருக்க முடியும்? ஐப்பசி போனது, கார்த்திகை போனது. பாத்தியெல்லாம் மழைநீரில் மூழ்கி அந்தப் பக்கம் ஒரே ஏரியாகக் கிடக்கும் மாதங்கள். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை முடிச்சு கண்ணில் படும். மேலே ஒரு பழைய பில் கட்டைப் போட்டு மூடினேன்.

*

தை மாதம் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த மாடலில், குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரான வண்டிகளில், இன்ஜின் பக்கம் ஒரு வயர் இணைப்பின் ரப்பர் மூடி தொழிற்சாலையிலேயே சரியாகப் பொருந்தவில்லை. ஈரக்காற்று புகுந்தால் மின்சாரம் துண்டிக்கப்படலாம். எல்லா வண்டிகளுக்கும் இலவசமாக மாற்றித் தரவும்.

ஈரக்காற்று. அச்சில் இருந்தது அந்த வார்த்தை.

ஓடிப்போய் போன் போட்டேன். "நர்சம்மா! உங்க வண்டிக்குப் பார்ட் வந்துடுச்சு. ஃப்ரீ. நாப்பது நிமிஷ வேலை. எப்ப வர்றீங்க?"

"புதன்கிழமை வர்றேன் தம்பி."

"வெள்ளிக்கிழமை வர்றப்பவே—"

"இனிமே எந்தக் கிழமையும் வரலாம்."

புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தபோது வாசலில் நின்றிருந்தார். பின்சீட்டில் தலையணை அப்படியே இருந்தது. நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழி.

நான் கேட்காமல் அவர் சொல்லவில்லை. கேட்டதும் முழுதாகச் சொன்னார். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வண்டி உப்பளத்து ரோட்டில் நின்றது. அரை மணியில் கிளம்பியது. அனுமந்தை தாண்டி மறுபடி நின்றது. "ஒரு தடவ நிக்கறதுக்குத்தான் நேரம் வச்சிருந்தேன் தம்பி. அன்னைக்கு ரெண்டு தடவ நின்னுச்சு." போய்ச் சேர்ந்தபோது படுக்கை அடுத்தவருக்குப் போயிருந்தது. சாயங்காலம்தான் இடம் கிடைத்தது. அதற்குள் மூச்சு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் கோயில் மணி அடிக்கிற நேரம்.

"வண்டியாலதானாம்மா?" என்று கேட்டுவிட்டேன். இல்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்று என் உடம்பு முழுக்கக் கெஞ்சியது.

"தெரியாது. இதயமும் வீங்கித்தான் இருந்துச்சு. டாக்டரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு." என்னை நேராகப் பார்த்தார். "தெரியாததை நான் சொல்லக் கூடாது."

பழைய இணைப்பைக் காட்டச் சொன்னார். மெக்கானிக் கொண்டுவந்து காட்டினான். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறந்ததைப் பார்ப்பது போல. பிறகு, "என் நோட்டு உங்ககிட்ட இருக்குதே," என்றார்.

டிராயரைத் திறந்து, பில் கட்டை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன்.

"அனுப்பினீங்களா தம்பி?"

"அனுப்பினேன்மா. அவங்கதான் சரியா பார்க்கல."

அவர் முடிச்சைப் பார்த்தார். சரியான முனையை இழுத்தார். நான்கு மாதம் அவிழாமல் கிடந்த துணி, அவிழ்ந்த பிறகும் முடிச்சின் உருவத்திலேயே சுருண்டுகொண்டு கவுன்டரில் கிடந்தது. அவர் அதை விரலால் நீவினார். நீவ நீவச் சுருண்டது.

பையிலிருந்து நாள்காட்டியில் கிழித்த தாள்களை எடுத்தார். நோட்டு கையில் இல்லாத நாட்களுக்குத் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றினார். எனக்குத் தலைகீழாகப் படிக்க வரும், அவரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பார்த்தது: '5.10 நின்றது. 32 நிமிடம். 5.55 மறுபடி நின்றது. 41 நிமிடம். அவர் கால் வீக்கம், விரல் வைத்தால் குழி.' சொன்னது: 'பரவால்லம்மா, மெதுவா போலாம், இன்னா அவசரம் என்றார்.'

வலது பக்கத்தில் அதுவரை முக்கால்வாசி நான்தான் பேசியிருந்தேன். அந்த ஒரு வரியில் அவர் கணவர் பேசினார்.

பிறகு அன்றைய தேதி. பார்த்தது: 'இணைப்பு மாற்றப்பட்டது. பழையது பச்சை.' சொன்னது: 'இனி நிற்காது என்றார்.'

அடுத்த வரிக்குப் போனார். வலது பக்கம் முதலில் எழுதினார். 'நோட்டை அனுப்பியதாகச் சொன்னார்.'

பேனா இடது பக்கம் வந்தது. பேனா முனை தாளைத் தொட்டது, ஒரு நீலப் புள்ளி விழுந்தது. சுருண்டு கிடந்த துணியை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். மாசி முதல் தை வரை எத்தனையோ விடியல் காற்றும் வண்டியும் நிமிடமும் பிசகாமல் ஏறிய அந்த இடது பக்கத்தில், ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டை மூடினார்.

துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இறங்கிய தோளில் பையை மாட்டிக்கொண்டார். முதுகு சீட்டில் படாமல் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். அது ஒரு தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.